சூட்டின் அளவைச் சொல்வது யார்?

புலம்பெயர்ந்த நாடுகளில் வாழும் நம்மவர் வீடுகளிலே, சாமிப்படத்துக்கு அடுத்தபடியாக எல்லோரும் நின்று பார்த்துவிட்டுப் போகிற பொருள் ஒன்று சுவரில் இருக்கிறது. உள்ளங்கை அளவான பெட்டி. அதிலே ஓர் எண். தகப்பனார் 19 என்று வைத்துவிட்டு வேலைக்குப் போவார். பிள்ளைகள் அதனை 23 ஆக்குவார்கள். எரிவாயுக் கட்டணம் வருகிற நாளில் வீட்டுக்குள்ளே ஒரு சிறு வழக்கு நடக்கும். தெர்மோஸ்ரற் என்று எல்லோரும் சொல்லும் அந்தப் பெட்டியை இக்கட்டுரையில் வெப்பநிலைச் சீராக்கி என்று குறிப்பிடுகிறேன்.

இக்கருவியின் வரலாற்றை எழுதுவோர் ஐரோப்பாவிலே தொடங்கி அமெரிக்காவிலே முடிப்பது வழக்கம். யார் கண்டுபிடித்தார், எந்த ஆண்டில் காப்புரிமை பெற்றார் என்பதோடு கதை முடிந்துவிடும். நாளிதழ் மேசையில் நெடுங்காலம் இருந்த எனக்கு வேறொரு 'யார்' முக்கியமாகப் படுகிறது. அந்த எண்ணைத் தீர்மானிப்பவர் யார்? சூடு போதும், இனிக் காற்று வேண்டும் என்று சொல்லும் அதிகாரம் யாருடைய கையில் இருந்தது, யாருடைய கைக்குப் போனது? இந்தக் கேள்வியோடு பார்த்தால் இவ்வரலாற்றைக் கோப்பாயிலிருந்தும் தொடங்கலாம்.

கிடங்கும் புகையும்

யாழ்ப்பாண நகரிலிருந்து பருத்தித்துறை வீதியால் போகும்போது இருபாலையைத் தாண்டினால் கோப்பாய். அதற்கு அடுத்தது நீர்வேலி. வலிகாமத்தின் செம்மண் பூமி. கிணற்று நீரை நம்பிய தோட்டச் செய்கை. வெங்காயமும் மரக்கறியும் புகையிலையும் வாழையும் விளையும் நிலம். ஆண்டுச் சராசரி வெப்பநிலை 27, 28 பாகை செல்சியஸ் அளவில் நிற்கும் அந்த ஊர்களில் வீட்டைச் சூடாக்க வேண்டிய தேவை எவருக்கும் இருந்ததில்லை. ஆயினும் சூட்டையும் காற்றையும் கணக்காகக் கையாளும் தேவை விளைபொருள்களைப் பதப்படுத்தும்போது வந்தது.

முதலாவது வாழைக்குலை பழுக்கவைத்தல். கதலியோ இதரையோ கப்பலோ, முற்றிய குலைகளை வெட்டி, நிலத்திலே கிடங்கு வெட்டி, வாழைச் சருகு பரப்பி அடுக்குவார்கள். மேலே தடியும் இலையும் மண்ணும் இட்டு மூடுவார்கள். ஒரு பக்கத்தில் மட்டும் சிறு வாய் இருக்கும். மண்சட்டியில் பொச்சுமட்டையைக் கனலவிட்டு, அந்தப் புகையை வாய்வழியே உள்ளே செலுத்தி அடைத்துவிடுவார்கள். 'புகை போடுதல்' என்பது இதற்கு ஊரில் வழங்கும் பெயர்.

பார்ப்பதற்கு எளிய வேலை. ஆனால் இதிலே பிழைவிட இடம் நிறைய உண்டு. சட்டியிலுள்ள பொச்சுக்குக் காற்று கூடினால் அது சுவாலைவிட்டு எரியும். புகை போய் அனல் வரும். காற்று குறைந்தால் அணைந்துபோகும். உள்ளே சூடு மிஞ்சினால் தோல் பச்சையாக இருக்கச் சதை மட்டும் குழைந்துவிடும். உரிய நேரத்தில் வாயைத் திறக்காவிட்டாலும் பழம் கெடும். கிடங்கின் மண்ணைத் தொட்டுப் பார்த்தும், கசியும் புகையின் மணத்தைக் கொண்டும், மழைநாளா வெயில்நாளா என்பதை வைத்தும் தோட்டக்காரர் முடிவெடுத்தார். அவரிடம் வெப்பமானி இருக்கவில்லை.

அவர் செய்தது என்ன என்பதற்கு விஞ்ஞானம் பின்னர் விளக்கம் சொன்னது. 1901இல் சென் பீற்றர்ஸ்பேர்க் நகரில் ஆய்வு செய்த திமித்ரி நெல்யூபோவ், விளக்கெரிக்கும் வாயுவில் இருந்த எதிலீன் என்ற வளிமம் பயறு வகை நாற்றுகளின் வளர்ச்சியை மாற்றுவதைக் கண்டார். 1934இல் இங்கிலாந்தில் றிச்சர்ட் கேன், பழங்கள் தாமாகவே எதிலீனை வெளிவிடுகின்றன என்று நிறுவினார். அரைகுறையாக எரியும் பொச்சின் புகையிலும் எதிலீன் உண்டு. கிடங்குக்குள் போன புகை, பழுக்கும்படி காய்க்குக் கட்டளை இட்டது. மூடிய கிடங்கு அந்தக் கட்டளை கலைந்துபோகாமல் காத்தது.

இன்று ஏற்றுமதி வாழைக்காய்களைப் பழுக்கவைக்கும் நவீன அறைகளைப் பாருங்கள். வெப்பநிலை 14 முதல் 18 பாகை வரை. காற்றில் பத்து இலட்சம் பங்குக்கு 100 முதல் 150 பங்கு எதிலீன், ஏறத்தாழ 24 மணி நேரம். அதன்பின் கதவைத் திறந்தோ விசிறியை ஓட்டியோ, காய்கள் மூச்சுவிட்டுச் சேர்த்த காபனீரொட்சைட்டை வெளியேற்ற வேண்டும்; அது நூற்றுக்கு ஒரு பங்கைத் தாண்டினால் பழுக்கும் வேகம் தடைப்படும். வெப்பநிலை, வளிமம், காற்றோட்டம் ஆகிய மூன்றையும் அங்கே சுவரிலுள்ள கட்டுப்பாட்டுப் பெட்டி பார்த்துக்கொள்கிறது. கோப்பாய்க் கிடங்கில் இம்மூன்றுக்கும் பொறுப்பாக இருந்தது ஒரு மனிதரின் கை.

இதனை விட்டுவிட்டு அவசரத்துக்குக் கல்சியம் காபைட்டுக் கல்லை வைத்துப் பழுக்கவைக்கும் பழக்கம் சந்தைகளில் பரவியதை அறிவீர்கள். ஈரம் பட்டதும் அதிலிருந்து வெளிவரும் அசற்றிலீன், எதிலீனைப் போலவே வேலை செய்யும்; ஆனால் அந்தக் கல்லில் ஆசனிக்கு, பொசுபரசு மாசுகள் கலந்திருப்பதுண்டு. இந்தியாவில் இம்முறை சட்டப்படி தடைசெய்யப்பட்டுள்ளது. புகை போடும் பக்குவம் கைமாறாமல் அற்றுப்போன இடத்திலேதான் காபைட்டு நுழைந்தது.

இரண்டாவது புகையிலை. ஒல்லாந்தர் காலந்தொட்டுத் திருவிதாங்கூருக்குக் கப்பலேறிய யாழ்ப்பாணப் புகையிலையின் மதிப்பு, அதன் மணத்திலும் காரத்திலும் இருந்தது. அந்த மணம் செடியிலிருந்து மட்டும் வருவதில்லை; குடிலுக்குள் புகையில் பதப்படும்போது வருகிறது. வாடிய இலையைக் குடிலுக்குள் தொங்கவிட்டு, பொச்சுமட்டையும் ஊமலும் கனலும் புகையில் நாட்கணக்கில் வைத்தார்கள். இங்கேயும் அதே கணக்கு. காற்றை விட்டால் நெருப்பு, அடைத்தால் புகை. இலை மிகக் காய்ந்தால் நொறுங்கும். ஈரம் நின்றால் பூஞ்சணம் பிடிக்கும். ஒரு போகத்து உழைப்பு முழுவதும் அந்தச் சில நாட்களின் கவனத்தில் தங்கியிருந்தது. பிழைத்தால் நட்டம் அவருடையது. சரிவந்தால் விலையும் அவருடையது. சூட்டின் அளவைத் தீர்மானித்தவரும் அதன் பலனை அனுபவித்தவரும் ஒருவரே என்பதை இவ்விடத்தில் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

கண்ணிமையில் வைத்த முட்டை

கையால் சூட்டை அறிந்து காற்றால் அதனை ஆளும் வித்தை நமக்கு மட்டும் உரியதன்று. எகிப்தில் பல நூற்றாண்டுகளாக ஆயிரக்கணக்கான கோழிமுட்டைகளை ஒரே அடுப்பறையில் வைத்துப் பொரிக்கச் செய்தார்கள். முட்டையின் சூடு சரிதானா என்று அறிய, அங்குள்ள தொழிலாளர் அதை எடுத்துத் தமது கண்ணிமையில் ஒற்றிப் பார்ப்பார்கள். மெல்லிய தோல் என்பதால் சிறு வேறுபாட்டையும் இமை உணர்ந்துவிடும். சூடு கூடினால் கூரைத் துவாரத்தைத் திறப்பார்கள், குறைந்தால் மூடுவார்கள்.

அந்த இமையின் வேலையை ஒரு பொருளிடம் ஒப்படைக்கலாம் என்று எண்ணியவர்களுள் முதன்மையானவர் ஒல்லாந்தரான கோர்னேலிஸ் டிரெபெல் (1572 - 1633). இலண்டனில் வாழ்ந்த அவர், 1620களில் அடுப்புக்கும் முட்டை பொரிக்கும் பெட்டிக்குமாக ஒரு பொறி செய்தார். சூடேறினால் கலனில் உள்ள மதுசாரம் விரிந்து பாதரசத்தை மேலே தள்ளும், பாதரசம் ஒரு கோலை உயர்த்தும், கோல் காற்றுவழியை அடைக்கும், நெருப்புத் தணியும். சூடு குறைந்தால் அனைத்தும் எதிர்த்திசையில் நடக்கும். மனிதன் அருகில் இல்லாமலே சூடு தன்னைத்தான் திருத்திக்கொண்டது.

பின்னர் 1830இல் ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த அன்றூ யூர் ஈருலோகச் சட்டத்தைப் பயன்படுத்தி ஒரு கருவிக்குக் காப்புரிமை பெற்றார். தெர்மோஸ்ரற் என்ற பெயரும் அவர் இட்டதே. இரண்டு வெவ்வேறு உலோகத் தகடுகளை ஒட்டவைத்தால், சூடேறும்போது ஒன்று மற்றதைவிடக் கூடுதலாக நீளும். ஆகவே சட்டம் வளையும். அந்த வளைவு ஒரு கதவைத் திறக்கலாம், மூடலாம். பாடசாலை விஞ்ஞானப் பாடத்தில் நாமெல்லாம் வரைந்த படம் இதுதான்.

ஆசிரியர் கல்லூரியில் பிறந்த மணி

கோப்பாய் என்றதும் பலருக்கு நினைவு வருவது அங்குள்ள ஆசிரியர் கலாசாலை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே மிசனறிமார் அவ்வூரில் ஆசிரியர்களைப் பயிற்றத் தொடங்கிவிட்டனர்; அரசினர் கலாசாலையும் ஏறத்தாழ நூறாண்டாக அங்கே இருந்துவருகிறது. இன்றைய வீட்டு வெப்பநிலைச் சீராக்கியின் நேர் மூதாதையும் அப்படியான ஒரு நிறுவனத்திலே, உலகின் மறுபக்கத்தில் பிறந்தது.

அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் வைற்வாட்டர் என்ற ஊரில் ஓர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி. அங்கே பேராசிரியராக இருந்தவர் வொரன் ஜோன்சன். குளிர்காலத்தில் வகுப்பறைகளுக்கான சூடு நிலவறையில் இருந்த உலையிலிருந்து வந்தது. கட்டடக் காவலாளி மணிக்கொரு தடவை ஒவ்வொரு வகுப்பாக ஏறிவந்து, வெப்பமானியைப் பார்த்து, கீழே இறங்கிப்போய்க் காற்றுக் கதவுகளைத் திருத்துவார். பாடம் நடுவிலே குழம்பும். இதனால் சலித்த ஜோன்சன் 1883 யூலையில் ஒரு கருவிக்குக் காப்புரிமை பெற்றார். வகுப்பறைச் சுவரில் ஈருலோகச் சட்டம். அறை குளிர்ந்தால் அது வளைந்து மின்சுற்றை மூடும். உடனே நிலவறையில் மணி அடிக்கும். காவலாளி அங்கிருந்தபடியே காற்றுக் கதவைத் திருத்தலாம்.

இந்த முதற்கருவி எதையும் தானாகச் செய்யவில்லை என்பது கவனிக்கத்தக்கது. அது மணியடித்தது, வேலையைச் செய்தவர் மனிதரே. முன்பு அந்தக் காவலாளி பார்த்தார், ஒப்பிட்டார், முடிவெடுத்தார், செய்தார். இப்போது பார்ப்பதும் முடிவெடுப்பதும் மேலே சுவரில் நடந்தன. செய்வது மட்டும் அவருக்கு மிஞ்சியது. ஜோன்சன் 1885இல் மில்வாக்கி நகரில் நிறுவனம் தொடங்கி, பின்னர் அமுக்கக் காற்றினால் கதவுகளைத் தானே இயக்கும் முறையையும் செய்தார். அந்த மிச்ச வேலையும் காவலாளியின் கையை விட்டுப் போனது.

அதே 1885இல் மினியாப்பொலிஸ் நகரில், சுவிற்சர்லாந்திலிருந்து குடியேறிய அல்பேட் புட்ஸ் என்பவர் நிலக்கரி உலைக்கான பொறியைச் செய்தார். அறை குளிர்ந்தால் உலையின் காற்றுக் கதவு திறக்கும். காற்றுப் பட்டதும் நிலக்கரி கொழுந்துவிடும். அறை சூடேறினால் கதவு மூடும். நெருப்பு அடங்கிக் கனலும். கோப்பாயில் பொச்சுச் சட்டியின் வாயை ஒரு கை மூடித் திறந்ததற்கும் இதற்கும் தத்துவத்தில் வேறுபாடு கிடையாது. புட்ஸின் நிறுவனம் கைமாறிக் கைமாறி, 1927இல் மார்க் ஹனிவெல்லின் நிறுவனத்தோடு இணைந்தது. அந்த நிறுவனம் 1953இல் விற்பனைக்கு விட்ட வட்ட வடிவக் கருவி, வட அமெரிக்க வீடுகளில் இன்றும் பல சுவர்களில் இருக்கிறது. ஐரோப்பாவில் வேறொரு வழி. டென்மார்க்கில் மாட்ஸ் கிளவுசன் 1943இல், சூடாக்கும் இரும்புத் தட்டின் குழாயிலேயே பொருத்தக்கூடிய, தானே மூடித் திறக்கும் திருகுவாயைக் கண்டுபிடித்தார். வீட்டுக்கு ஒன்று என்ற நிலை மாறி அறைக்கு ஒன்று என்றானது.

1983க்குப் பின்னர்

ஜோன்சனின் காப்புரிமைக்குச் சரியாக நூறாண்டு கழித்து, 1983 யூலை. அது வெறும் எண் ஒற்றுமைதான். ஆனால் சூடாக்கும் கருவியைக் கண்டிராத பல்லாயிரம் குடும்பங்களை, அந்தக் கருவி இல்லாமல் உயிர்வாழ முடியாத நாடுகளுக்குத் துரத்தியது அந்த யூலை. கோப்பாயிலும் நீர்வேலியிலும் தோட்டம் செய்தவர்களின் பிள்ளைகள் ரொறொன்ரோவிலும் இலண்டனிலும் ஒஸ்லோவிலும் சூரிச்சிலும் முதற் பனியைக் கண்டார்கள்.

கனடாவில் நம்மவர் பலருடைய முதல் வீடு ஸ்காபரோப் பகுதியில் யாரோ ஒருவருடைய வீட்டின் நிலவறை. அத்தகைய வீடுகளில் பொதுவாக உலை ஒன்று, சீராக்கி ஒன்று. உலை நிலவறையில் இருக்கும். அதை ஆளும் பெட்டி மேல்தளத்து விறாந்தைச் சுவரில் இருக்கும். மேலே வெயில்பட்டு அறை இதமானால் பெட்டி உலையை நிறுத்திவிடும். கீழே இருப்பவர் விறைப்பார். அவர் உலையின் பக்கத்திலேயே படுத்திருப்பார். அதன் எண் மட்டும் வேறொருவர் வீட்டுச் சுவரில் இருக்கும். குடிலுக்குள் புகையின் அளவைத் தாமே தீர்மானித்த ஒரு தலைமுறையின் மகன், தான் உறங்கும் அறையின் சூட்டுக்காக மாடியேறிப்போய்க் கேட்கவேண்டியிருந்தது. வாடகைக்கு இருப்பவர் கேட்கத் தயங்குவார்; அகதி வழக்கு முடியாதவர் இன்னும் கூடுதலாகத் தயங்குவார்.

ரொறொன்ரோ மாநகரச் சட்டம், குளிர்காலத்தில் வாடகை வீடுகளின் வெப்பநிலை குறைந்தது 21 பாகை இருக்கவேண்டும் என்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டல், குளிர் நாடுகளில் வீட்டுக்குள் 18 பாகைக்குக் குறையாதிருப்பது பாதுகாப்பு என்கிறது. முதியோருக்கும் குழந்தைகளுக்கும் நோயாளருக்கும் அதனிலும் கூடுதலாக வேண்டியிருக்கலாம். சட்டத்தில் எண் எழுதப்பட்டதன் பொருள், குளிர் என்பது வீட்டுக்காரரின் தயவைப் பொறுத்த விடயமாக இனி இல்லை என்பதே.

சூடு மட்டும் போதாது, காற்றும் வேண்டும். 20 பாகையில் ஒரு கன மீற்றர் காற்று ஏறத்தாழ 17 கிராம் நீராவியைத் தாங்கும். அதே காற்று 10 பாகைச் சுவரைத் தொட்டால் 9 கிராம் அளவுதான் தாங்கும். மீதி சுவரில் நீராகப் படியும். அங்கே பூஞ்சணம் வளரும். ஊரிலே அடுக்களை வீட்டைவிட்டுத் தள்ளியிருந்தது. அல்லது புகைக்கூடு வைத்துக் கட்டப்பட்டது. சோறு வடிக்கும் ஆவியும் மீன் பொரிக்கும் புகையும் வானத்துக்குப் போயின. யன்னலை அடைத்த நிலவறையிலே அவை சுவரிலும் கட்டிலிலும் குழந்தையின் சுவாசப்பையிலும் தங்கின.

இங்கிலாந்தின் றொச்டேல் நகரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை 2020 டிசம்பரில் இறந்தது. சமூக வீடமைப்புக் குடியிருப்பில் வாழ்ந்த சூடான் நாட்டுக் குடும்பம். சுவரில் படர்ந்த பூஞ்சணத்தை நீண்டகாலம் சுவாசித்ததே மரணத்துக்குக் காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். தகப்பனார் பலமுறை முறையிட்டிருந்தார். ஈரம் அக்குடும்பத்தின் வாழ்க்கைமுறையால் வருகிறது என்ற எடுகோளிலேயே வீட்டின் பொறுப்பாளர்கள் நடந்துகொண்டார்கள். காற்றோட்டம் போதாது என்ற உண்மை விசாரணையில்தான் வெளிப்பட்டது. அக்குழந்தையின் பெயரால் வழங்கும் சட்டம் 2025 ஒக்ரோபர் 27 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஈரமும் பூஞ்சணமும் பற்றிய பாரிய முறைப்பாட்டைச் சமூக வீடமைப்பு நிறுவனங்கள் 10 வேலைநாட்களுக்குள் ஆராயவேண்டும்; உயிராபத்தான நிலையை 24 மணி நேரத்துக்குள் சீர்செய்யவேண்டும். கறி மணத்துக்காகக் குறைசொல்லப்பட்ட நம்மவர் குடும்பங்களும் அறிந்துவைத்திருக்க வேண்டிய சட்டம் இது.

பெட்டியைப் பொருத்தும் முறை

சொந்த வீடு வாங்கி, பெட்டி தம் கைக்கு வந்த பின்னரும் பலர் அதன் போக்கை அறியாமல் இருக்கிறார்கள். ஆகவே வரலாற்றோடு சில நடைமுறைக் குறிப்புகளையும் சேர்த்துவிடுகிறேன்.

முதலில் இடம். சீராக்கி தன்னைச் சுற்றியுள்ள ஒரு சாண் காற்றை மட்டுமே அறியும். அதை வைத்தே முழு வீட்டுக்கும் முடிவுசொல்லும். ஆகவே தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மீற்றர் உயரத்தில், உட்சுவரில், மக்கள் கூடுதலாகப் புழங்கும் இடத்தில் அதைப் பொருத்தவேண்டும். வெயில் விழும் சுவர், வாசற்கதவின் பக்கம், அடுக்களையின் அருகு, திரைச்சீலையின் மறைவு ஆகியவை ஆகா. சாமி அறையில் எரியும் குத்துவிளக்கின் மேலே இருக்கும் பெட்டி, வீடு முழுவதும் சூடாகிவிட்டது என்று நம்பி உலையை நிறுத்திவிடும்.

அடுத்தது மின்சாரம். வட அமெரிக்காவில் இக்கருவிகள் பெரும்பாலும் 24 வோல்ற்றில் இயங்குவன. புதிய இணையவழிக் கருவிகளுக்குப் பழைய சுவரில் இல்லாத ஒரு பொதுக் கம்பி, 'சி' எனப்படுவது, தேவைப்படும். ஐரோப்பாவிலும் பிரித்தானியாவிலும் பல கருவிகளுக்குள் 230 வோல்ற் ஓடும். அங்கே உரிய தகுதியுள்ள மின்தொழிலாளரை அழைப்பதே முறை.

மூன்றாவது இடைவெளி. 21 என்று வைத்தால் உலை 21இல் மூடித் திறந்துகொண்டிருப்பதில்லை, 20.5 போன்ற ஓர் எல்லையில் தொடங்கி 21.5 போன்ற ஓர் எல்லையில் நிற்கும். இடைவெளி மிகக் குறுகினால் உலை அடிக்கடி தொடங்கி நின்று தேய்ந்துபோகும். மிக அகன்றால் வீட்டார் மாறிமாறி வேர்ப்பர், நடுங்குவர். 30 என்று திருகிவிட்டால் வீடு விரைவாகச் சூடேறும் என்ற நம்பிக்கையும் பரவலாக உண்டு. சாதாரண உலைக்கு எரிவதும் அணைவதுமே தெரியும். 30இல் வைத்தால் வேகம் கூடாது, நிற்கும் நேரம் மட்டும் பிந்தும்.

நான்காவது காற்று. சமைக்கும்போது, புகையை வெளியே தள்ளும் விசிறியை ஓடவிடவேண்டும். கனடாவின் புதிய வீடுகளில் வெளியேறும் காற்றின் சூட்டை உள்வரும் காற்றுக்கு மாற்றிக்கொடுக்கும் கருவி இருக்கிறது. கட்டணத்துக்கு அஞ்சி அதை நிறுத்திவைப்பது, கிடங்கின் வாயைத் திறக்க மறந்ததற்கு ஒப்பாகும்.

எண் யாருடையது?

இனித் தொடங்கிய கேள்விக்கு வருவோம். அலுவலகங்களில் வழங்கும் இதமான வெப்பநிலை என்ற எண் எங்கிருந்து வந்தது? டென்மார்க்கின் ஒலே பாங்கர் 1970இல் நூலாக வெளியிட்ட கணிப்பு முறையே உலகத் தரங்களுக்கு அடிப்படையானது. உடலில் பிறக்கும் வெப்பத்துக்கு அத்தரங்கள் எடுத்துக்கொண்ட அளவு, 40 வயதும் 70 கிலோ எடையும் கொண்ட ஓர் ஆணுடையது. பெண்களைப் பொறுத்தவரை அது 35 சதவீதம் வரை கூடுதலாக மதிப்பிடக்கூடும் என்று 2015இல் நெதர்லாந்து ஆய்வாளர் இருவர் எழுதினர். குளிரூட்டிய அலுவலகங்களில் பெண்கள் போர்வையோடு வேலைசெய்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

யாழ்ப்பாணத்துக்கும் இந்த எண் வந்துவிட்டது. நாற்சார் வீட்டின் நடுமுற்றம் சூட்டை மேலே விட்டுக் காற்றை உள்ளே இழுத்தது. பனையோலைக் கூரை வெயிலைத் தடுத்தது. போர்க்காலத்தில் 1990க்குப் பின்னர் ஆண்டுக்கணக்கில் மின்சாரமே இல்லாமல் குடாநாடு வாழ்ந்தபோது அந்த வீடுகளே மனிதரைக் காத்தன. துண்டிக்கப்பட்டிருந்த தேசிய மின்தொகுதி 2013இல் சுன்னாகம் வரை மீண்டும் வந்தது. இன்று கொங்கிறீற்றுத் தட்டுக்கூரையும் மூடிய கண்ணாடி யன்னலும் பெருகிவிட்டன, கூடவே குளிரூட்டியும். புலம்பெயர்ந்த உறவினர் விடுமுறைக்கு வந்து 18 என்று வைத்துவிட்டுப் போகும் எண்ணுக்கு, ஊரில் இருப்பவர் கட்டணம் செலுத்துகிறார். இந்தியாவில் 2020 ஜனவரி முதல், தரச்சான்று பெற்ற அறைக் குளிரூட்டிகள் 24 பாகையில் தொடங்கும்படி செய்யப்பட்டுள்ளன. பயனர் மாற்றலாம், ஆனால் பலர் மாற்றுவதில்லை என்பதை அறிந்தே அந்த விதி எழுதப்பட்டது.

கடைசியாக ஒன்று. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 2022 ஓகஸ்ற் 30ஆம் நாள் கடும் வெப்பம். சுமார் 22,000 வீடுகளில் குளிரூட்டியைக் கூட்ட முயன்றவர்களால் எண்ணை மாற்ற முடியவில்லை. கட்டணச் சலுகைக்காக அவர்கள் மின்நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்திருந்தார்கள். மின்தட்டுப்பாடு வந்ததும் நிறுவனம் பெட்டிகளைத் தொலைவிலிருந்தே பூட்டிவிட்டது. ஒப்பந்தத்தில் அவர்கள் ஒப்பமிட்டதும் உண்மை. எல்லா வீட்டுக்கும் மின்சாரம் நிலைக்க அது உதவியதும் உண்மை. ஆனால் தம் வீட்டுச் சுவரிலுள்ள எண் தம்முடையதன்று என்பதை வியர்வை வழிய நின்றபோதுதான் பலர் அறிந்தார்கள்.

வைற்வாட்டர்க் காவலாளியின் கையிலிருந்து போனது, நிலவறையில் இருந்த நம்மவரின் கைக்கு எட்டாதிருந்தது, கொலராடோவில் சலுகைக்காகக் கொடுக்கப்பட்டது எல்லாம் ஒன்றே: சூடு போதும், காற்று வேண்டும் என்று தானே சொல்லும் உரிமை. கருவி நல்லது, கண்ணிமையில் முட்டையை ஒற்றிப் பார்க்கும் காலத்துக்குத் திரும்பவேண்டும் என்று நான் சொல்லவில்லை. புதுப் பெட்டி பொருத்த வருபவரிடம் விலையையும் உத்தரவாதத்தையும் கேட்கிறோம். இதை வெளியிலிருந்து மாற்றக்கூடியவர் யார், கீழ்த்தளத்தில் குடியிருப்பவருக்கும் ஒரு பெட்டி வைக்க என்ன செலவு என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேளுங்கள். நம்மவரில் பலர் இன்று வீட்டுச் சொந்தக்காரர். அவர்களுடைய நிலவறைகளில் வேறு நாடுகளிலிருந்து அண்மையில் வந்தவர்கள் இருக்கிறார்கள். இரண்டாவது கேள்வியை அவர்கள் மாடியேறி வந்து கேட்கமாட்டார்கள்.